தாடி ஐரிஸ்: கொழும்பில் வருமா, நஞ்சா, எதற்கு உதவும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஜூன் மாதமும் இது நடக்கும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் வீட்டு வாசலில் எடுத்த படம் ஒன்று குடும்ப வட்ஸ்அப்பில் வந்து விழும். ஊதா நிறம், இடுப்பளவு உயரம், மூன்று இதழ் மேலே குவிந்திருக்க மூன்று இதழ் நாக்கைத் தொங்கப்போட்ட மாதிரிக் கீழே. அடுத்த நாளே யாராவது கேட்பார்கள்: "இது இங்கே வருமா? கிழங்கு கொண்டுவரச் சொல்லட்டா?" வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில், கடலைப் பார்த்த பல்கனியில் பூச்சாடி வைத்திருக்கும் ஆள் நான். இந்தச் செடியோடு ஒரு வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டித் தோற்றிருக்கிறேன். அதனால் எல்லாரும் என்னிடமே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்செய்தி அனுப்பிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன்.

தாடி எங்கே இருக்கிறது?

கீழே தொங்கும் இதழின் நடுவில், தொண்டையிலிருந்து வெளியே வரும் மயிர்க்கோடுதான் தாடி. மஞ்சளாகவோ வெள்ளையாகவோ செம்மஞ்சளாகவோ, தேய்ந்த பல்துலக்கியின் தும்பு மாதிரி இருக்கும். அழகுக்கு மட்டும் இல்லை. தேனீ வந்து இறங்கி அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும், மேலே கூரை மாதிரி வளைந்திருக்கும் சூல்தண்டின் கிளைக்குக் கீழே மகரந்தம் ஒளிந்திருக்கும், முதுகில் பூசிக்கொண்டு திரும்பும். அக்காவின் ஸ்காபரோ வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து அரை மணி நேரம் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்காவின் கணவர் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்.

ஐரிஸ் பேரினத்தில் ஏறத்தாழ 300 இனங்கள் இருக்கின்றன. தாடி உள்ளவை அதில் ஒரு பிரிவு, தோட்டங்களில் இன்று இருப்பவை பெரும்பாலும் பல தலைமுறையாகக் கலப்பினம் செய்து எடுத்தவை. 20 சென்டிமீட்டருக்குக் குறைந்த குள்ள வகையும் உண்டு, 70 சென்டிமீட்டருக்கு மேலே போகும் நெட்டை வகையும் உண்டு. படத்தில் வருவது அநேகமாக நெட்டைதான். ஐரிஸ் என்பது கிரேக்கரின் வானவில் தேவதையின் பெயர், பெயருக்கு ஏற்ற மாதிரி நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளை, செம்பு, கிட்டத்தட்டக் கறுப்பு என்று எல்லாம் இருக்கிறது. தூய சிவப்பு மட்டும் இன்னும் வரவில்லை. கண்ணில் கதிராளி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான்.

சரி, கொழும்பில் வருமா?

வராது. இலை வரும், கொஞ்சக் காலம் பச்சையாக நிற்கும், உங்களுக்கு நம்பிக்கை ஊட்டும், பிறகு அழுகும்.

இதன் மூதாதையர் மத்தியதரைக்கடலைச் சுற்றியும் அதற்குக் கிழக்கேயும் உள்ள கல்லும் மண்ணுமான சரிவுகளில் வாழ்ந்தவை. அங்கே குளிர்காலம் உண்மையிலேயே குளிர், கோடை உண்மையிலேயே வறட்சி. குளிர்காலத்தில் வாரக்கணக்காகக் குளிர் பட்டால்தான் கிழங்கின் முனையில் உள்ள குருத்து "இனிப் பூக்கலாம்" என்று திரும்பும். பூத்து முடிந்த கோடையில் கிழங்கு வெயிலில் கிடந்து காய வேண்டும், அந்த ஓய்வும் தேவை. கொழும்பில் இரண்டுமே இல்லை. இங்கே இரவில்கூட 22, 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது, வருடத்துக்கு 2,400 மில்லிமீட்டர் அளவில் மழை, மழை இல்லாத நாளில் புழுக்கம். பகல் நேரம்கூட வருடம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான், கூடினால் முக்கால் மணி நேர வித்தியாசம். பருவம் மாறிவிட்டது என்று அந்தச் செடிக்கு யார் சொல்வது?

மண்ணை மாற்றினால், மணல் கூட்டினால், கூரைக்குக் கீழே வைத்தால் என்றெல்லாம் கேட்பார்கள். நானும் செய்தேன். ஆற்றுமணல் பாதி, உடைத்த ஓடு கால், கொம்போஸ்ட் கொஞ்சம். அழுகுவதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். பூவுக்கு வேண்டிய குளிரை மணலால் கொடுக்க முடியாது.

பிரிட்ஜில் வைத்து ஏமாற்ற முடியாதா? டியூலிப்புக்கு அப்படிச் செய்கிறார்களே?

டியூலிப் வேறு கதை. அது ஒரு வெங்காயம் மாதிரி, அடுத்த பூவையும் அதற்கான சாப்பாட்டையும் உள்ளே கட்டிவைத்திருக்கும். குளிரைக் காட்டி எடுத்து நட்டால் இருப்பதைச் செலவழித்துப் பூத்துவிடும். தாடி ஐரிஸின் கிழங்கு அப்படி இல்லை. பிரித்து எடுத்து நட்டால் வேர்விட்டு, இலைவிட்டு, பலம் சேர்த்த பிறகுதான் பூ. குளிர் நாடுகளிலேயே நட்ட அடுத்த வருடம் பூத்தால் அதிர்ஷ்டம், இரண்டாம் வருடம் என்றால் சாதாரணம்.

இதெல்லாம் தெரியாமல் நான் பிரிட்ஜைத்தான் நம்பினேன். மூன்று கிழங்கை உதயன் பேப்பரில் சுற்றி மரக்கறித் தட்டில் வைத்தேன். ஐரிஸ் கிழங்கை நீங்கள் பார்த்ததில்லை என்றால் சொல்கிறேன், அது இஞ்சிதான். கணு, கிளை, மண்நிறத் தோல் எல்லாம் இஞ்சி. அம்மா ஒரு விடியற்காலை பிளேன்டீக்கு இஞ்சி தேடியிருக்கிறார். தோலைச் சீவினால் உள்ளே வெள்ளையாக, மாப்பிடிப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக வந்ததாம், முகர்ந்தால் பச்சை மரக்கறி மணம், இஞ்சி மணமே இல்லை. "இது என்ன, பட்டுப்போன இஞ்சியா" என்று நுனியை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டார். நாக்கு காரம் மாதிரி எரிந்தது என்றார், சீவிய விரல்கள் மத்தியானம் வரைக்கும் அரித்தன. தேத்தண்ணீரில் போட்டிருந்தால் வீடே சத்தி எடுத்திருக்கும். அன்று வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

ஆகவே பிரிட்ஜில் வைக்க வேண்டாம். எங்கே வைத்தாலும் சமையல் சாமான் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

நுவரெலியாவில்?

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர், ஜனவரி பெப்ரவரியில் சில விடியல்களில் உறைபனி கூட விழும். அதனால் ஆசை வருவது நியாயம். ஆனால் அந்தப் பனி ஒரு விடியலோடு போய்விடும், பகலில் மறுபடி இதமான வெயில், பிறகு மாதக்கணக்காக மூடுபனியும் மழையும். அங்கே வீடு இருப்பவர்கள் மேடை கட்டி, மழை ஒதுக்கில், தெற்கு வெயில் படுகிற சுவரோரமாக முயன்று பார்க்கலாம். நான் என் காசைப் போட மாட்டேன். அதே காசுக்கு அங்கே அகப்பந்தஸும் ஹைட்ரேஞ்சியாவும் அள்ளிப் பூக்கும்.

இது நஞ்சா?

ஓம், ஆனால் அளவோடு பயப்பட வேண்டிய நஞ்சு.

செடி முழுக்கவே கொஞ்சம் உண்டு, அதிகமாகச் சேர்ந்திருப்பது கிழங்கில். தோலையும் வாயையும் குடலையும் உறுத்துகிற டெர்பீன் வகைப் பொருட்களும், பழைய மருந்து நூல்களில் இரிடின், ஐரிசின் என்று எழுதப்பட்டவையும் அதில் இருக்கின்றன. தின்றால் வாய் எரியும், எச்சில் ஊறும், குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வயிற்றோட்டம். கனமாகத் தின்றால் உடம்பில் நீர் வற்றிக் களைப்பு வரும். அதன் ருசியே காவல் என்று சொல்லலாம், யாரும் இரண்டாவது வாய் கடிக்க மாட்டார்கள். உயிர் போகும் அளவுக்குப் போவது மிக அரிது.

நம் ஊர்ச் செடிகளோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கார்த்திகைப்பூவின் கிழங்கில் கொல்சிசின் இருக்கிறது, அது உயிரைக் கொல்லும். மஞ்சள் அலரி விதை இதயத்தை நிறுத்தும், வடக்கு கிழக்கில் அதனால் போன உயிர்கள் எத்தனை என்று வைத்தியர்களைக் கேளுங்கள். வரவேற்பறையில் பச்சையும் வெள்ளையுமாக வைத்திருக்கிறோமே டிஃபன்பேகியா, அதைக் கடித்தாலே நாக்கு வீங்கிப் பேச முடியாமல் போகும். இந்த வரிசையில் ஐரிஸ் கடைசிப் பக்கத்தில்தான் நிற்கும். வாசலில் அலரி வேலி வைத்துக்கொண்டு ஐரிஸுக்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

தோலைப் பற்றி ஒன்று: கிழங்கை வெட்டும்போது வரும் சாறு சிலருக்கு அரிப்பும் சிவப்பும் தரும், எல்லாருக்கும் இல்லை. அக்கா இருபது வருடமாக வெறுங்கையால் வெட்டுகிறார், ஒன்றும் இல்லை. எனக்கு முதல் நாளே மணிக்கட்டில் தடித்தது. கையுறை போட்டால் போயிற்று.

பிள்ளை கடித்துவிட்டால் என்ன செய்வது?

வாயில் இருப்பதை எடுங்கள், வாயைக் கழுவுங்கள், கொஞ்சம் தண்ணீரோ பாலோ கொடுக்கலாம். உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், இதை நம்முடைய பாட்டிமாருக்கும் சொல்லி வையுங்கள். எந்தச் செடி என்று காட்ட இலை, கிழங்கு இரண்டிலும் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், படமும் எடுங்கள். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, இப்படியான கேள்விக்கென்றே உள்ள இடம் அது. வாந்தி நிற்கவில்லை, பிள்ளை சோர்கிறது, மூச்சு சரியில்லை என்றால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அல்லது நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். செடி எது என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் அப்படியே. நீங்கள் ஐரிஸ் என்று நினைத்தது வேறொன்றாக இருக்கலாம்.

நாய், பூனை?

நாய்தான் பிரச்சினை, அது தோண்டும். கிழங்கைக் கடித்தால் எச்சில் ஒழுகும், சத்தி எடுக்கும், மூலையில் போய்ச் சுருண்டு படுக்கும். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மாடு, ஆடு, குதிரைக்கும் ஆகாது. காய்ந்த பிறகு வைக்கோலோடு கலந்து போனாலும் வயிற்றைக் கெடுக்கும்.

பூனைக்கு ஐரிஸ் வயிற்றுக் கோளாறு தரும், அவ்வளவுதான். ஆனால் லில்லி, அதாவது கல்யாண வீட்டு மேடையில் வைக்கிற அந்தப் பெரிய மணமான லில்லி, பூனையின் சிறுநீரகத்தையே அழித்துவிடும். மகரந்தத் தூளை நக்கினாலே போதும். கனபேர் ஐரிஸை "ஒரு வகை லில்லி" என்று சொல்லுவதால் இரண்டையும் குழப்புகிறார்கள். பூச்செண்டில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், பூனை உள்ள வீட்டில் வைக்காதீர்கள்.

இதுவும் வசம்பும் ஒன்றா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் கெட்டிக்காரர்கள் என்றே நான் நினைப்பேன். ஒன்று இல்லை, ஆனால் குழப்பம் பழையது. வசம்பின் இலையும் வாள் மாதிரி, கிழங்கும் இதே மாதிரிக் கணுக்கணுவாக மண்ணோடு படுத்துக் கிடக்கும். ஐரோப்பாவில் குளத்தோரம் வளரும் மஞ்சள் ஐரிஸுக்குத் தாவரவியல் பெயரே "பொய் வசம்பு" என்ற பொருளில்தான் இருக்கிறது. வசம்பு வேறு குடும்பம், பூவைப் பார்த்தால் தெரியும், சோளப்பொத்தி மாதிரிச் சின்னதாகப் பச்சையாக இருக்கும். இலையைக் கசக்கினாலும் தெரியும், வசம்பு மணக்கும், ஐரிஸ் இலை மணக்காது.

வேடிக்கை என்னவென்றால் இரண்டு பக்கமும் ஒரே வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். நாங்கள் வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்கிறோம், இரவில் பெயர் சொல்லாமல் "பேர் சொல்லாதது" என்றும் சொல்வார்கள், கையில் வளையலாகக் கட்டுவோம், சுட்டு உரைத்து நாக்கில் தடவுவோம். ஐரோப்பியர் பல் முளைக்கும் பிள்ளைக்குக் கடிக்க, காய்ந்த ஐரிஸ் கிழங்கைச் சீவி மழமழவென்று வளையமாகக் கொடுத்திருக்கிறார்கள். இன்று இரண்டையுமே நான் பிள்ளை வாயில் வைக்க மாட்டேன். வசம்பிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் காரணமாக அமெரிக்காவில் 1968இல் உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். கையில் கட்டுவதில் எனக்குக் குறை இல்லை, கட்டியதைப் பிள்ளை சப்பும் என்பதுதான் குறை.

நஞ்சு என்கிறீர்கள், பிறகு எப்படி வாசனைத் திரவியத்தில் போடுகிறார்கள்?

இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இத்தாலியின் தொஸ்கானா மாநிலத்திலும் மொரோக்கோவிலும் சில தாடி ஐரிஸ் வகைகளைப் பூவுக்காக இல்லாமல் கிழங்குக்காகவே பயிரிடுகிறார்கள். மூன்று வருடம் போல வளரவிட்டுக் கிண்டி, தோல் சீவி, காய வைப்பார்கள். அப்போது அதற்கு வாசமே இல்லை. அம்மாவின் மூக்குக்கு வந்த அதே பச்சை மணம்தான். பிறகு இன்னும் மூன்று வருடம், சிலர் ஐந்து வருடம்கூட, அப்படியே சாக்கில் கட்டிவைப்பார்கள். உள்ளே இருக்கும் இரிடால் என்ற பொருட்கள் காற்றுப் பட்டு மெல்ல மெல்ல உடைந்து ஐரோன் என்ற மணப்பொருளாக மாறும். அதாவது நட்ட மனிதன் முகர்வதற்கு ஆறு தொடக்கம் எட்டு வருடம் காத்திருக்க வேண்டும். அரிசியைப் பழசாக்கி வைக்கிற நமக்கு இந்தப் பொறுமை விளங்கும்.

பிறகு ஆவியில் வடித்தால் வருவது எண்ணெய் இல்லை, மெழுகு மாதிரி உறைந்த ஒரு வெண்ணெய். மிரிஸ்டிக் அமிலம் அதிகம் என்பதால் உறைகிறது, நம்முடைய சாதிக்காயில் இருந்து பெயர் வாங்கிய அமிலம் அது. ஒரு தொன் காய்ந்த கிழங்கிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 2 கிலோ. விலை ஏன் அப்படி என்று இனிக் கேட்க மாட்டீர்கள்.

மணத்தைப் புத்தகங்களில் வயலட் பூ மணம் என்று எழுதுவார்கள், வயலட் பூவை முகராத நமக்கு அதில் என்ன பயன்? நான் சொல்வேன்: அம்மம்மாவின் அலுமாரியைத் திறந்தால் பழைய பவுடர் டின், மடித்த சேலை, கொஞ்சம் கரட் சீவிய வாசம், மூன்றும் சேர்ந்தது. மற்ற வாசனைகளைப் பிடித்துவைத்து மெதுவாக விடுகிற குணமும் காய்ந்த கிழங்கை அரைத்த தூளுக்கு உண்டு, அதனால்தான் காய்ந்த பூவும் மசாலாவும் கலந்து கிண்ணத்தில் வைக்கிறார்களே, அதில் இதைச் சேர்ப்பார்கள். ஜின்னில் சேர்கிற மூலிகைகளிலும் ஒன்று. மொரோக்கோவின் மசாலாக் கலவையிலும் சிலர் போடுவார்கள்.

பச்சைக் கிழங்கின் எரிச்சல் காய்ந்து பழசாகும்போது பெருமளவு அடங்கிவிடும். அளவும் மிகச் சிறியது. அதனால்தான் அது அங்கே சரி, நீங்கள் தோட்டத்தில் கிண்டிய கிழங்கைத் தேத்தண்ணீரில் போடுவது பிழை. பழைய காலத்தில் முகப்பவுடரிலும் இந்தத் தூளைப் போட்டார்கள், பலருக்குத் தும்மலும் ஒவ்வாமையும் வந்து, பிறகு கைவிடப்பட்டது.

அப்போ என் சவர்க்காரத்தில் "ஐரிஸ்" என்று எழுதியிருப்பது?

அநேகமாகக் கிழங்கைக் கண்ணால் கண்டிராத சவர்க்காரம். 1893இல் டீமான், குரூகர் என்ற இரண்டு ஜெர்மன் வேதியியலாளர்கள் இந்தக் கிழங்கின் மணத்தைத் தேடிப் போய், வழியில் அயனோன் என்ற வேறு பொருளைச் செய்துவிட்டார்கள். அதன் மலிவான உறவுகள்தான் இன்று பெரும்பாலான "ஐரிஸ்" மணம். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், 200 ரூபாய்ச் சவர்க்காரத்தில் வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

மருந்தாகச் சாப்பிடலாமா?

யூனானியில் இர்சா என்ற பெயரில் ஐரிஸ் கிழங்கு இருக்கிறது, சளிக்கும் இருமலுக்கும் கொடுப்பார்கள். ஐரோப்பாவிலும் முன்பு பேதி மருந்தாகக் கொடுத்தார்கள், பேதி ஆனதற்குக் காரணமே மேலே சொன்ன நஞ்சுதான். பதிவுபெற்ற வைத்தியர் பக்குவம் செய்து கொடுத்தால் அது அவர் பொறுப்பு. காணொளி பார்த்து நீங்களே அரைத்துக் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகள் பக்கமே போக வேண்டாம்.

இது மயானத்துப் பூ, வீட்டில் ஆகாது என்கிறார்களே?

காஷ்மீரிலும் மேற்கு ஆசியாவிலும் கப்றுகளின் மேல் ஐரிஸ் நடுகிற வழக்கம் உண்மைதான். யெமன், சவூதிப் பக்கத்து வெள்ளை ஐரிஸ் ஒன்று முஸ்லிம் மயானங்கள் வழியாகவே மத்தியதரைக்கடல் முழுக்கப் பரவியது. தண்ணீர் விடாமலே நிற்கும், வருடாவருடம் தானாகப் பூக்கும், ஆடும் கடிக்காது, வேறென்ன வேண்டும்? இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தின் சின்னத்தில் இருப்பதும் ஒரு ஐரிஸ்தான். ஆகாது என்று சொன்னவர் கொழும்பில் வளராது என்ற அர்த்தத்தில் சொல்லியிருந்தால் சரி.

சாமிக்கு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் மாலை கட்ட முடியாது, தொட்ட இடம் நசியும். ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான், வாடும்போது ஊதாச் சாறு சொட்டும். வெள்ளை வேட்டியில் பட்டால் போகாது. அந்தச் சாற்றோடு படிகாரம் சேர்த்துப் பச்சை மை செய்து அந்தக் காலத்தில் ஐரோப்பிய ஓலை எழுத்தர்கள், சரி ஓலை இல்லை, தோல், சித்திரம் வரைந்திருக்கிறார்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். எப்படி நடுவது?

உங்களுக்குத்தான் யோகம். மூன்று விஷயம் சரியென்றால் இதைக் கொல்வது கஷ்டம்: நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில், தண்ணீர் நிற்காத மண், கிழங்கின் முதுகு வெளியே தெரிவது. நம் ஆட்கள் செய்கிற பிழை மூன்றாவதில்தான். இஞ்சியும் மஞ்சளும் நட்ட கை, கிழங்கைக் கண்டவுடன் ஆழமாகப் புதைத்துவிடும். அப்படிப் புதைத்தால் அழுகும், அழுகாவிட்டாலும் பூக்காது. குளத்துத் தண்ணீரில் படுத்துக் கிடக்கும் எருமையின் முதுகு மேலே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், வேர் மட்டும் இரு பக்கமும் மண்ணுக்குள்.

மூன்று தொடக்கம் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பிரிக்க வேண்டும். பூ முடிந்த பிறகு, ஜூலை கடைசி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை நல்ல நேரம். மெல்பேர்ண், சிட்னிக்காரர்கள் அதை ஜனவரி, பெப்ரவரி என்று மாற்றிக்கொள்ளுங்கள். முழுக் கொத்தையும் கவைக்கோலால் கிளப்பி, மண்ணை உதறி, நடுவில் உள்ள பழைய, இலை இல்லாத, சுருங்கிய தாய்க்கிழங்கை எறிந்துவிட்டு, ஓரத்தில் விசிறி மாதிரி இலையோடு இருக்கும் குட்டிகளைக் கூரான கத்தியால் வெட்டி எடுங்கள். இலையை ஒரு சாணுக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் காற்றில் சாயும். வெட்டுவாயை ஒரு நாள் நிழலில் காயவிட்டு, ஒரு முழ இடைவெளியில் நடுங்கள். முதல் சில வாரம் தண்ணீர், பிறகு மறந்துவிடுங்கள். இலைச்சருகால் மூட வேண்டாம். புல்லுக்குப் போடுகிற நைதரசன் உரத்தை இதற்குப் போட்டால் இலை கொழுக்கும், பூ வராது, அழுகல் வரும்.

அக்கா எறியச் சொன்ன தாய்க்கிழங்கை நான் எறிய மனமில்லாமல் வேலியோரம் வைத்தேன். அதுவும் குட்டி போட்டதாம்.

கிழங்கு கூழாகி நாறுகிறது. தப்புமா?

பக்டீரியா அழுகல். அந்த நாற்றம் ஒரு தடவை மூக்கில் பட்டால் மறக்காது, கோடையில் மூடிவைத்த மீன் கழிவு மாதிரி. உடனே கிளப்பி, கூழான பகுதியைக் கரண்டியால் வெள்ளைச் சதை தெரியும் வரை சுரண்டி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு வேறு இடத்தில் நடுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். வட அமெரிக்காவில் என்றால் உள்ளே துளைக்கும் புழுவையும் தேடுங்கள், அது துளைத்த ஓட்டை வழியாகத்தான் அழுகல் நுழையும். குளிர்காலத்துக்கு முன் காய்ந்த இலையைக் கூட்டி அள்ளினால் அந்தப் பூச்சியின் முட்டையும் போகும்.

கொழும்புக்குப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரலாமா?

கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. செடி, கிழங்கு, விதை எதைக் கொண்டுவந்தாலும் முன்கூட்டியே விவசாயத் திணைக்களத்தின் அனுமதியும், புறப்படும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும், கட்டுநாயக்கவில் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆட்கள் பரிசோதிப்பார்கள். மண் ஒட்டியிருக்கவே கூடாது. எனக்கு வந்த மூன்று கிழங்கும் சொக்லேட் பைக்குள் வந்தவை, அப்போது சட்டம் தெரியாது என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு நியாயம் இல்லை. எங்கேயோ இருந்து வந்த ஒரு புழு நம் தேயிலைக்கோ மரக்கறிக்கோ ஏறினால் என்ன ஆகும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அழுகப்போகிற செடிக்காக அந்தப் பாவம் வேண்டாம்.

அப்போ கொழும்பில் என்னதான் வைப்பது?

தாடி இல்லாவிட்டாலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். முதலாவது நடக்கும் ஐரிஸ், பிரேசில் பக்கத்துச் செடி. வெள்ளையும் நீலமுமாகப் பூக்கும், காலையில் விரிந்து பின்னேரத்துக்குள் சுருண்டுவிடும். பூத்த தண்டின் நுனியில் குட்டி முளைத்து, பாரத்தில் வளைந்து மண்ணைத் தொட்டு அங்கேயே வேர்விடும், அப்படியே வளவைச் சுற்றி நடக்கும். அரை நிழலும் புழுக்கமும் அதற்கு விருப்பம். மஞ்சளில் இதே நடையுள்ள இன்னொன்று ட்ரைமீசியா, அது இன்னும் முரடு. மூன்றாவது, செம்மஞ்சளில் புள்ளி போட்ட சிறுத்தைப்பூ. காய் வெடித்தால் உள்ளே கறுப்பு விதைகள் கொத்தாகப் பளபளக்கும். அதை முன்பு வேறு பேரினத்தில் வைத்திருந்து 2005இல் ஐரிஸுக்குள் சேர்த்துவிட்டார்கள், ஆகவே கொழும்பில் ஐரிஸ் வளர்க்கிறேன் என்று நீங்கள் பொய் இல்லாமல் சொல்லிக்கொள்ளலாம். வெயில் வேண்டும், சாடியில் தண்ணீர் நிற்கக்கூடாது. பத்தரமுல்லைப் பக்கம் வீதியோரம் பூங்கன்று விற்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் விளங்காது, படத்தைக் காட்டுங்கள். இவற்றின் கிழங்கையும் பிள்ளை வாயில் போகவிட வேண்டாம்.

உங்கள் மூன்று கிழங்கும் என்ன ஆயின?

ஒன்று அம்மாவின் கத்தியில் போனது. ஒன்று நட்ட இரண்டாம் மாதமே கூழ். மூன்றாவது பதினாலு மாதம் இருந்தது, ஐந்து இலை வரை விட்டது, பூ மட்டும் இல்லை. ஒக்டோபர் மழை இரவிரவாகச் சாய்வாக அடித்த ஒரு வாரத்தில் இலையைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அந்தச் சாடியில் இப்போது நடக்கும் ஐரிஸ்தான், பக்கத்து வீட்டு அன்ரி தந்தது. அது நடந்து நடந்து இன்னும் மூன்று சாடியைப் பிடித்துவிட்டது. குட்டி வேண்டுமென்றால் தெரிந்தவர்கள் வந்து எடுத்துப் போகலாம், பை கொண்டு வாருங்கள், சாடி தர மாட்டேன்.